பேராக் ஆற்றில் மீன் ஏறும் காலம்

பள்ளி விடுமுறை வந்தால் பிள்ளைகள் கடற்கரைக்குப் போகலாம் என்பார்கள், அல்லது கேமரன் மலைக்கு என்பார்கள். இரண்டையும் பலமுறை பார்த்திருப்பீர்கள். இம்முறை ஒரு மாறுதலுக்குப் பேராக் ஆற்றை எதிர்த்து மேலே போய் வாருங்கள். ஆற்றில் மீன்கள் போகும் வழியும் அதுதான். அவை இப்போது எதுவரை போக முடிகிறது என்பதையும் கண்ணால் பார்த்துவிடலாம்.

பயணத்தைக் கோலகங்சாரில் தொடங்குங்கள். 1877-இல் நட்ட ரப்பர் மரம் ஒன்று அங்கே இன்னும் நிற்கிறது. நம் பாட்டன் பூட்டன்மாரைக் கப்பலேற்றி வரவழைத்தது இந்த மரத்தின் இனம்தானே! பிள்ளைகளை அதன் அடியில் நிறுத்திக் கதை சொல்லுங்கள். பக்கத்தில் காராயில், 1900-இல் கட்டிய விக்டோரியா ரயில் பாலமும் இருக்கிறது. அதன் கீழே அகலமாக, அமைதியாக ஓடுகிறது பேராக் ஆறு. தீபகற்ப மலேசியாவில் பகாங் ஆற்றுக்கு அடுத்த நீளமான ஆறு இதுதான்.

இந்த அமைதி எப்போதும் இருந்ததில்லை. 1926-இலும் 1967-இலும் ஆறு பெருகி ஊர்களை மூழ்கடித்தது. இன்று மேலே நான்கு அணைகள் அதைக் கட்டிப் பிடித்திருக்கின்றன.

கோலகங்சாரிலிருந்து வடக்கே சாவுக் வழியாகப் போனால் முதலில் வருவது செண்டரோ அணை. 1930-இல் வேலை செய்யத் தொடங்கிய நீர்மின் நிலையம் அது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கு அங்கிருந்து மின்சாரம் போனது. அணைக்குப் பின்னால் தேங்கிய நீரின் ஒரு பகுதிதான் ராபான் ஏரி. சாலையோரத்திலேயே தெரியும். இறங்கி ஒரு தேநீர் குடியுங்கள். ஆற்று மீன் சமைத்துத் தரும் கடைகளும் அங்கே உண்டு.

அடுத்தது லெங்கோங். 1991-இல் இங்கே ஒரு குகையில் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய மனிதனின் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தார்கள். 'பேராக் மனிதன்' என்று பெயர். அவனைப் புதைத்த குழியில் ஆற்று நத்தை ஓடுகள் நிறையக் கிடந்தன. அந்தக் காலத்திலேயே இந்த ஆறு மனிதனுக்குச் சோறு போட்டிருக்கிறது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

லெங்கோங் இன்று லோமா மீனுக்குப் பேர் போனது. உள்ளங்கை அளவுள்ள வெள்ளி மீன். ஆண்டுக் கடைசியில் மழை பிடித்து நீர் ஏறியதும், முட்டையிடுவதற்காகக் கூட்டம் கூட்டமாக ஆற்றை எதிர்த்து நீந்தும். கிராமத்து மலாய்க்காரர்கள் அதைப் பிடித்து, உப்பும் வறுத்த அரிசியும் சேர்த்துப் பெக்காசம் போடுவார்கள். ஒரு புட்டி வாங்கி வந்து எண்ணெயில் பொரித்துப் பாருங்கள். பழைய சோற்றுக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை.

ஆனால் செண்டரோ ஏரியிலிருந்து மேலே ஏறும் மீன் எவ்வளவு தூரம் போகும்? கெனெரிங் அணை வரைக்கும்தான். அதற்கு மேலே பெர்சியா அணை. அதற்கும் மேலே, நூறு மீட்டருக்கு மேல் உயரமுள்ள தெமெங்கோர் அணை. ஒரே நீண்ட வீடாக இருந்த ஆறு, இடையில் சுவர் வைத்த அறைகளாகிவிட்டது.

இதனால் அதிகம் நொந்தது பெரிய மீன்கள். தெமோலே என்ற மீன் ஆளுயரத்துக்கு வளரக் கூடியது. நம் நாட்டில் பேராக், பகாங் ஆறுகளில் வாழ்வது. முட்டையிட நெடுந்தூரம் போக வேண்டிய இனம். இன்று உலக அளவிலேயே அழிவின் விளிம்பில் இருக்கும் மீன்களில் ஒன்றாக அதை எழுதி வைத்திருக்கிறார்கள்.

சுவர் மட்டும்தான் குற்றவாளி என்று நினைக்காதீர்கள். தண்ணீரின் சூடும் ஒரு காரணம். ஓடும் ஆறு புரண்டு புரண்டு காற்றை வாங்கிக்கொள்ளும். தேங்கிய ஏரியில் அப்படி இல்லை. வெயில் பட்ட மேல்நீர் சூடாகி மேலேயே நிற்கும். அடிநீர் குளிர்ந்து அடியிலேயே கிடக்கும். இரண்டும் கலப்பதில்லை. மூழ்கிய மரமும் இலையும் அடியில் அழுகி, அங்குள்ள உயிர்க்காற்றைத் தின்றுவிடும். பிறகு அடியில் மீன் வாழாது. அந்த நீரைத் திறந்துவிட்டால் கீழே உள்ள மீனுக்கும் மூச்சுத் திணறும்.

மேலேயோ வேறு தொல்லை. 20 டிகிரி சூடுள்ள ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் உயிர்க்காற்று கரைந்திருக்க முடியும். 30 டிகிரியானால் ஏழரைதான். சூடு ஏற ஏற மீனின் உடம்பு கூடுதலாக மூச்சுக் கேட்கும், தண்ணீரோ குறைவாகக் கொடுக்கும். வரவு குறைந்து செலவு கூடிய குடும்பம் போலத்தான். 1998, 2016 போன்ற எல் நினோ ஆண்டுகளின் வறட்சியில் இந்த நெருக்கடி இன்னும் கூடும்.

மின்சாரத் தேவைக்கேற்ப அணை நீரை விடுவதும் நிறுத்துவதுமாக இருப்பதால், ஆறு ஒரே நாளில் ஏறி இறங்கும். கரையோரப் புல்லிலும் சரளையிலும் ஒட்டிய முட்டை வெயிலில் காய்ந்துபோகும்.

கிரிக்கைத் தாண்டிக் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் போனால் பண்டிங் தீவு. அங்கே பாலத்தின் இருபுறமும் தெமெங்கோர் ஏரி விரிந்து கிடக்கும். பரப்பு 15,200 ஹெக்டேர். அழகுக்குக் குறைவில்லை. ஆனால் அந்த நீருக்கடியில் காடு இருந்தது, பூர்வகுடி மக்களின் குடியிருப்புகள் இருந்தன. 1970-களில் அவர்கள் இடம் பெயர்க்கப்பட்டார்கள். ஏரியில் இன்று தோமான் போன்ற மீன்கள் செழிப்பாக இருக்கின்றன. கெலாவோ தேங்கிய நீரை விரும்பாது. தெளிந்து குளிர்ந்து ஓடும் மலையாறுதான் அதற்கு வேண்டும். அதனால் 2007-இல் மாநிலப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட ரோயல் பெலும் காட்டின் ஓடைகளில் ஒதுங்கி வாழ்கிறது. அங்கே மரங்கள் கரையை மூடி நிழல் தருகின்றன. மரத்திலிருந்து விழும் பழமும் அதற்கு உணவு.

'அப்படியானால் அணையே வேண்டாம் என்கிறீரா?' என்று கேட்பீர்கள். இல்லை. மண்ணெண்ணெய் விளக்கில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு படித்த லயத்துப் பிள்ளைகளை மறந்துவிட்டு நான் பேச முடியாது. வீட்டுக்கு வெளிச்சம் வேண்டும். வெள்ளம் அடங்கியதும் நல்லதே. ஆனால் அந்த வெளிச்சத்துக்கு ஒரு விலை உண்டு. மின்சாரக் கட்டணச் சீட்டில் அது வராது. ஆற்று மீனும், ஆற்றை நம்பியவர்களும் அதைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அணையை நாம் நகர்த்த முடியாது. ஆனால் நம் தோட்டத்து ஓடையும் கடைசியில் ஓர் ஆற்றில்தான் போய்ச் சேருகிறது. அங்கே நம் கை இருக்கிறது. மருந்தடித்துவிட்டு வரும்போது பம்பை ஓடையில் கழுவாதீர்கள். ஓடைக்கரை மரத்தை விறகுக்கு வெட்டாதீர்கள். அந்த நிழல்தான் தண்ணீரைக் குளிர்ச்சியாக வைத்திருக்கிறது. மழைக் காலத்தில் வயிறு பருத்த மீன் தூண்டிலில் சிக்கினால் திரும்ப விட்டுவிடுங்கள். விஷம் கலந்து மீன் பிடிப்பவரைக் கண்டால் சும்மா இருக்காதீர்கள்.

போய்வரும் வழியில் ராபான் ஏரிக்கரையில் பிள்ளைகளோடு சற்று நில்லுங்கள். மழை நாளாக இருந்தால், வெள்ளிக் காசு வீசியது போல லோமா துள்ளுவதைப் பார்க்கலாம். மேலே ஒரு சுவர் இருப்பது அதற்குத் தெரியாது. தெரிந்த நாம்தான் அதற்காகக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.