நடு ஆள் இல்லாத அணி



ஒரு வீட்டில் ஒருவர் இல்லாமற் போனால் அவர் செய்துவந்த வேலைகள் அவரோடு போய்விடுவதில்லை. அவை அப்படியே கிடக்கும். யாராவது எடுத்துச் செய்தே ஆகவேண்டும். எங்கள் வீட்டில் அதை யார் எடுப்பது என்ற கேள்வி பதினைந்து வருடங்களுக்குப் பிறகு திரும்பவும் எழுந்தது. அதற்கு வழி காட்டியது என் மகனின் கணினி விளையாட்டு என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனாலும் எழுதுகிறேன்.

நான் அளவெட்டியில் பிறந்தவள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழுந்து நடந்தபோது நானும் நடந்தேன். பிறகு வன்னிக்குப் போய், அங்கேயே திருமணம் முடித்தேன். 2009 மே மாதத்தில் கணவரை இழந்து, ஒன்பது மாதக் குழந்தையுடன் முகாமுக்கு வந்தேன். அடுத்த வருடம் ஊர் திரும்பினேன். இப்போது வீட்டில் நாங்கள் நான்கு பேர். என் அம்மா, நான், மகன், கணவரின் தங்கையான என் மச்சாள். மச்சாள் செல்லடியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவள். பொய்க்காலுடன் நடக்கிறாள். எனக்குத் தையல். அதோடு இரண்டு பரப்பு வெங்காயத் தோட்டம்.

மகன் பாடசாலையில் கூடைப்பந்து விளையாடுபவன். உறவினர் ஒருவர் தந்த பழைய மடிக்கணினியில் ‘பஸர்பீற்றர்’ என்ற இணைய விளையாட்டையும் அவன் விளையாடுவான். அதில் பந்தைக் கையால் எறிவதில்லை. ஒரு கற்பனைக் கழகத்துக்கு நாம் முகாமையாளர். வீரர்களை வாங்கலாம், விற்கலாம், பயிற்சி கொடுக்கலாம், சம்பளமும் கொடுக்க வேண்டும். ஆட்டத்துக்கு முன்னர் ஐந்து இடங்களுக்கும் ஆட்களைப் போட்டுவிட்டால், மிகுதியைக் கணினி கணக்கிட்டு ஆட்டத்தை வரிவரியாக எழுதிக் காட்டும்.

இரவில் பொத்தான் தைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்து பார்க்கத் தொடங்கியவள் நான். மெல்ல மெல்ல எனக்கும் பிடித்துப்போனது. ஏனென்றால் நானும் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடியவள்தான். எங்கள் பகுதி ஈவினையில் பிறந்த தர்ஜினி சிவலிங்கத்தை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 208 சென்ரிமீற்றர் உயரம். 2018இலும் 2022இலும் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றபோது பந்தை வளையத்துக்குள் போட்டவர். வலைப்பந்தில் ஏழு பேருக்கும் மேலாடையில் எழுத்து உண்டு. அந்த எழுத்துக்குரிய எல்லையைத் தாண்டக்கூடாது. கோல் போட இரண்டு பேருக்கு மட்டுமே உரிமை. நான் ‘டபிள்யூ.டி.’ அணிந்தவள். ஒரு ஆட்டத்திலும் வளையத்தைப் பார்த்து எறிந்ததில்லை. சட்டம் விடாது.

கூடைப்பந்தில் அப்படியில்லை. ஐந்து இடங்களுக்கும் பெயர் இருக்கிறது. பந்தை நடத்திச் செல்பவர் கார்ட், பக்கங்களில் நிற்பவர் போர்வர்ட், வளையத்தின் கீழே நிற்கும் உயரமானவர் சென்ரர். ஆனால் அது வழக்கம் மட்டுமே. யாரும் எங்கும் போகலாம், யாரும் எறியலாம். இதை மகன் சொன்னபோது நான் ஊசியை வைத்துவிட்டுச் சிறிது நேரம் யோசித்தேன். எங்கள் வாழ்க்கையில் யார் எழுதி மாட்டிவிட்ட எழுத்துகள் எத்தனை!

மகனுடைய கழகத்தில் காசு குறைவு. நல்ல சென்ரர்மாருக்குச் சம்பளம் மிக அதிகம். கையிலிருந்த ஒருவரை விற்றுவிட்டு, பந்தை நன்றாக நடத்தும் இளம் கார்ட் ஒருவரை அந்த இடத்தில் போட்டான். முதல் ஆட்டத்தில் 31 புள்ளிகளால் தோல்வி. வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தெல்லாம் மற்றப் பக்கத்துக்கே போனது. இளையவர் நடு இடத்திலும் நிற்க முடியவில்லை, தன் பழைய வேலையையும் செய்யவில்லை.

“ஏன் தம்பி இந்தச் சின்னப் பெடியனை அதிலை போட்டனீ?” என்று கேட்டேன்.

“மஜிக் ஜோன்சன் செய்தவர் அம்மா” என்று ஒரு கதை சொன்னான். 1980இல் அமெரிக்காவின் என்.பி.ஏ. இறுதித் தொடர். லேக்கர்ஸ் அணியின் சென்ரர் கரீம் அப்துல் ஜப்பார், 218 சென்ரிமீற்றர் உயரமானவர். ஐந்தாவது ஆட்டத்தில் கணுக்கால் சுளுக்கி, ஆறாவது ஆட்டத்துக்கு வரமுடியவில்லை. பந்தை நடத்தும் இடத்தில் விளையாடிய 20 வயது மஜிக் ஜோன்சன், மே 16 அன்று கரீமின் இடத்தில் நின்று ஆட்டத்தைத் தொடங்கினார். 42 புள்ளிகள் எடுத்தார். பிலடெல்பியாவை 123–107 என்று வென்று லேக்கர்ஸ் கிண்ணத்தைத் தூக்கியது.

அந்தக் கதையை அவன் ஏன் அவ்வளவு விருப்பத்தோடு சொன்னான் என்பது இரண்டு மாதம் கழித்துத்தான் விளங்கியது. சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு வந்து சொன்னான்.

“அம்மா, நான் இனிப் படிக்கேல்லை. கொழும்பிலை ஒரு கடையிலை வேலை இருக்காம். வீட்டிலை ஆம்பிளை எண்டு நான் ஒராள்தானே.”

எனக்கு நெஞ்சு அடைத்தது. மகன் பொறுப்பாகப் பேசுகிறான் என்று அம்மா கண்ணைத் துடைத்தார். அயலவரும் அதையே சொன்னார்கள். தையல் மெசின் கடன் இருந்தது. வெங்காயத்துக்கு அந்த முறை விலை இல்லை. அவன் சம்பளம் வந்தால் மூச்சு விடலாம் என்று என் மனமும் ஒரு பக்கம் கணக்குப் போட்டது. அதை மறைக்கமாட்டேன்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. விடியும்போது ஒரு கேள்வி வந்தது. தேநீர் கொடுக்கும்போது கேட்டேன்.

“தம்பி, அந்த மஜிக் ஜோன்சன் அடுத்த வருசம் எந்த இடத்திலை விளையாடினவர்?”

“தன்ரை இடத்திலைதான். கரீம் சுகமாகி வந்திட்டார். 1989 வரைக்கும் விளையாடினவர்.”

“எங்கட வீட்டுக் கரீம் வரமாட்டார், அப்பன். நீ ஒரு ஆட்டத்துக்கு நிக்கப் போகேல்லை. ஆயுளுக்கும் நிக்கப் போறாய்.”

அவன் ஒன்றும் பேசவில்லை. மச்சாள்தான் உள்ளேயிருந்து கேட்டாள். “அண்ணி, அண்டைக்கு அந்தப் பெடியன் தனியவே வெண்டவன்?”

மகன் தேடிப் பார்த்துச் சொன்னான். அதே ஆட்டத்தில் ஜமால் வில்க்ஸ் என்ற போர்வர்ட் 37 புள்ளிகள் எடுத்திருக்கிறார். ஊரெல்லாம் 42ஐச் சொல்கிறது, 37ஐ யாரும் சொல்வதில்லை.

இன்னொன்றும் அவனே கண்டுபிடித்தான். 2015 இறுதித் தொடரில் கோல்டன் ஸ்டேற் வோரியர்ஸ் அணி முதல் மூன்று ஆட்டங்களில் இரண்டில் தோற்றிருந்தது. நான்காவது ஆட்டத்தில் தங்கள் உயரமான சென்ரரைத் தொடக்க ஐவரிலிருந்து நிறுத்திவிட்டு, அந்தப் பருவத்தின் வழக்கமான ஆட்டம் ஒன்றில்கூட முதல் ஐவரில் இறங்காத அந்திரே இகுடாலாவை இறக்கினார்கள். 198 சென்ரிமீற்றர் உயரமான டிரேமண்ட் கிரீன் நடுவில் நின்றார். சென்ரருக்கு அது குறைந்த உயரம். ஆனால் அவர் தனியே நிற்கவில்லை. ஐந்து பேரும் ஓடி ஓடித் தடுத்தார்கள். அந்த ஆட்டத்தையும் அடுத்த இரண்டையும் வென்று கிண்ணத்தையும் எடுத்தார்கள். தொடரின் சிறந்த வீரர் இகுடாலா.

மகன் தன் கழகத்தையும் திருத்தினான். இளம் கார்ட்டை அவருடைய இடத்துக்கே அனுப்பினான். நடுவில், ஓரளவு தடுக்கத் தெரிந்த ஒரு போர்வர்ட்டை வைத்தான். ‘இரண்டு–மூன்று வலயம்’ என்ற தடுப்பு முறையைத் தெரிவுசெய்தான். முன்னால் இருவர், வளையத்தருகே மூவர். ஆளுக்கு ஆள் என்று இல்லாமல் இடத்தைப் பங்கிட்டுக் காக்கும் முறை அது. வெளியிலிருந்து எறிபவர்களை விட்டுக்கொடுக்க வேண்டிவரும். ஆனால் வளையத்தடி காலியாக இராது. அடுத்த ஆட்டத்தில் 6 புள்ளிகளால் வென்றான். அதற்கடுத்ததில் தோற்றான். ஆனால் 31ஆல் அல்ல.

அன்று நாங்கள் நால்வரும் ஒரு கொப்பித் தாளை எடுத்து, அவர் இருந்திருந்தால் செய்திருக்கும் வேலைகளை ஒவ்வொன்றாக எழுதினோம். தோட்டத்துக்கு இறைப்பு, சந்தை, வங்கி, கடன் கணக்கு, கந்தோர் அலுவல், வேலி, இரவில் நாய் குரைத்தால் எழுந்து பார்ப்பது. மொத்தம் பதினொன்று. ஒரு ஆண்பிள்ளையின் தலையில் வைக்கப் பார்த்த ஒரே பாரம், எழுதிப் பார்த்தால் பதினொரு சிறு பாரங்கள்.

கணக்கும் வங்கியும் மச்சாளுக்கு. உயர்தரத்தில் வர்த்தகம் படித்தவள் அவள். காலைக் காரணம் காட்டி அவளை இத்தனை வருடம் அடுப்படியில் இருத்தியிருந்தோம். சமையலை அம்மா எடுத்தார். தண்ணீர் மெசின் இழுத்து இறைப்பது எனக்கு. முதல் நாள் ஒழுங்கையால் போனவர்கள் நின்று பார்த்தார்கள். இப்போது பார்ப்பதில்லை. சனிக்கிழமை சந்தையும் வேலியும் மகனுக்கு. நாய் குரைத்தால் எல்லோரும் எழும்புவோம்.

மகன் உயர்தரம் படிக்கிறான். கொழும்புக்குப் போகவில்லை. கடன் இன்னும் ஏழு தவணை இருக்கிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். நடு ஆள் இல்லாத அணிக்கு உயரம் குறைவுதான். சில பந்துகள் தலைக்கு மேலாலே போகும். என் கணவரின் இடம் எனக்குள்ளே காலியாகவே இருக்கிறது. அதை எந்தக் கொப்பித் தாளிலும் பங்கிட முடியாது.

ஆனால் அவருடைய வேலைகளைப் பங்கிட முடியும். பெண் தலைமை தாங்கும் வீடுகளில், மூத்த பிள்ளை பதினாறு வயதில் ‘வீட்டு ஆம்பிளை’யாகிப் புத்தகத்தை மூடுவதை நாம் பெருமையாகப் பேசுகிறோம். பேசுமுன் ஒருமுறை எழுதிப் பாருங்கள். எத்தனை வேலைகள், யார் யாருக்கு எது முடியும், இதுவரை யாரை ஒன்றும் கேளாமல் மூலையில் இருத்தியிருக்கிறோம் என்று. உங்கள் வீட்டிலும் 37 புள்ளி எடுக்கக்கூடிய ஒருத்தி அடுப்படியில் இருக்கக்கூடும்.