கடல் இருந்தும் குளிராத ஊர்



'கடற்கரை என்றாலே குளிர்ந்த காற்று' என்று நம் மாணவர்கள் கட்டுரைதோறும் எழுதுகின்றனர். ஓமான் நாட்டின் குரியாத் என்னும் கடலோர ஊரில் இவ்வாக்கியம் செல்லாது. சென்ற ஆண்டு ஜூன் முதல் வாரத்தில், அங்குக் கட்டுமான மேற்பார்வையாளராகப் பணிபுரியும் என் சித்தப்பா மகன் வீட்டில் தங்கியபோது அதனை நேரில் உணர்ந்தேன்.

மஸ்கட்டிலிருந்து தென்கிழக்கே ஏறக்குறைய 80 கி.மீ. தொலைவில் உள்ளது குரியாத். பழைய கோட்டை, மீன்பிடி படகுகள், பின்னால் மரமற்ற மலைகள். கோடையில் அங்குக் கடல்நீரே 30 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறிவிடுகிறது. அதிலிருந்து எழும் ஈரப்பதம் காற்றில் நிறைந்து, இரவில் வெப்பம் தணியாதபடி தடுக்கிறது. 2018 ஜூன் மாதத்தில் ஒரு நாள், 24 மணி நேரமும் இவ்வூரின் வெப்பநிலை 42.6 பாகைக்குக் கீழே இறங்கவே இல்லை.

அந்த வெப்பத்தில் எப்படி வாழ்கின்றனர்? மொட்டைமாடித் தொட்டியின் நீர் கொதிப்பதால், வீட்டினுள் இருக்கும் வெந்நீர்க் கருவியை நிறுத்திவிட்டு, அதில் தேங்கிய நீரையே தண்ணீராகப் பயன்படுத்துகின்றனர். "இங்கே வெந்நீர்க் குழாயில்தான் தண்ணீர் வரும் அக்கா" என்று தம்பி மனைவி சிரித்தார். ஜூன் முதல் ஆகஸ்டு வரை பகல் 12.30 முதல் 3.30 வரை திறந்தவெளி வேலைக்குச் சட்டம் தடை விதித்துள்ளது. ஆகவே விடியுமுன்பே தம்பி புறப்பட்டுவிடுவார். நண்பகலில் வரும்போது சட்டையில் உப்புப் பூத்திருக்கும்.

மாலையில் தஞ்சாவூரிலுள்ள தாயாரிடம் தொலைபேசியில், "நல்லா இருக்கோம்மா, வீடு முழுக்க ஏசிதான்" என்பார். ஒன்பது வயது மகள் என்னிடம் கேட்டாள்: "அத்தை, அப்பா ஏன் பாட்டிகிட்ட வெயிலைப் பத்திச் சொல்றதே இல்ல?"

அக்கேள்வி நம் குடும்பங்களுக்கும் உரியது. என் தாத்தா மலாயாவில் பால்மரம் சீவியவர். 'இவ்விடம் யாவரும் நலம்' என்றே ஊருக்குக் கடிதம் எழுதினார்; அட்டைக்கடியையும் காய்ச்சலையும் எழுதவில்லை. 1969-க்குப் பின், குடியுரிமை இல்லாதோர்க்கு வேலை அனுமதி கட்டாயமானபோது தமிழகம் திரும்பிய பல்லாயிரவருள் என் சித்தப்பாவும் ஒருவர். அவர் மகன் இன்று இன்னொரு கடலோரத்தில் அதே பொய்யை அன்போடு சொல்கிறார். தாயின் உறக்கத்தைக் காக்கும் பொய் அது. ஆயினும் பிள்ளைகள் அதனை மட்டுமே கேட்டு வளர்ந்தால், வெளிநாட்டு உறவினர் என்பவர் சாக்லெட்டும் வாசனைத் திரவியமும் கொண்டுவருபவர் என்றே எண்ணுவர்.

பெற்றோர்களே, அப்பரிசுகளுக்குப் பின்னுள்ள உழைப்பைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஆசிரியர்களே, அடுத்த விடுமுறைக்கு 'நான் சென்ற சுற்றுலா' என்ற தலைப்புக்குப் பதிலாக, தொலைவில் பணிபுரியும் உறவினர் ஒருவரிடம் மூன்று கேள்விகள் கேட்டுவரச் செய்யுங்கள்: எத்தனை மணிக்கு எழுகிறீர்கள்? நண்பகலில் எங்கே இருப்பீர்கள்? வீட்டுக்குச் சொல்லாதது எது?

மூன்றாவது கேள்விக்கு உடனே பதில் வராது. பிள்ளைகள் பொறுமையாகக் காத்திருக்கட்டும்.