கீச்சென்ற ஒலி

வயது ஏறினால் மனிதருக்கு முனகல் பிறக்கும், காருக்கும் அப்படியே. 1948 இல் அறிமுகமான மொறிஸ் மைனர் இனத்தைச் சேர்ந்தது எமது கார். காலையில் புறப்படும்போது கீச்சென்று கத்திவிட்டு ஓயும். நாம் அதனைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் முன்விளக்குகள் மங்கின. பற்றறி பழுதென்று நாமே தீர்ப்பளித்துப் புதியதொன்று வாங்கிப் பூட்டினோம்.

ஒருநாள், சுகவீனமுற்ற அன்னையாரை வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணத்து வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றோம். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் புறப்பட்டால், முகப்பிலுள்ள சிவப்பு விளக்கு அணையவே இல்லை. எஞ்சினிலும் கொதி ஏறிற்று.

“மெதுவாகப் போவம், தம்பி” என்று அன்னையார் எம்மைத் தேற்றினார்.

நின்று நின்று கிளிநொச்சியை அடைந்தோம். அங்கு ஒரு முதிய மெக்கானிக் எதையும் கழற்றவில்லை. காது கொடுத்துக் கேட்டார்; விசிறிப் பட்டியை விரலால் அழுத்தினார். அரை அங்குலமளவே தாழவேண்டிய பட்டி 2 அங்குலம் தாழ்ந்தது.

“ஐயா, டைனமோவையும் தண்ணீர்ப் பம்பையும் சுழற்றுவது இந்த ஒரே பட்டிதான். இது வழுக்கினால் பற்றறிக்கு மின்சாரம் ஏறாது; எஞ்சினும் குளிராது. புதுப் பற்றறி என்ன செய்யும்? கார் முதலிலேயே கத்திச் சொல்லியிருக்குமே!”

டைனமோவைச் சற்று வெளியே நகர்த்திப் பட்டியை இறுக்கினார். விளக்கு அணைந்தது, ஒலியும் மறைந்தது.

மீதி வழியெல்லாம் எம் நெஞ்சு உறுத்திற்று. “படியேறினால் மூச்சு வாங்குது” என்று அன்னையாரும் பல மாதங்களாகச் சொல்லிவந்தார். அதனையும் நாம் பொருட்படுத்தவில்லை.