பத்து ரூபாய் வராகன்

ஓசூர் பஸ் ஸ்டாண்டு எதிரே டீ குடித்துவிட்டு, இரண்டு பத்து ரூபாய் நாணயங்களை நீட்டினேன். டீ மாஸ்டர், உள்ளங்கையில் செத்த பல்லியை வைத்தாற்போல முகம் சுளித்தார்.

"தம்பி, இது இங்கே ஓடாது."

"ரிசர்வ் பேங்க் 2018-லயே சொல்லிடுச்சு அண்ணே. மொத்தம் பதினாலு டிசைன். பதினாலும் செல்லும்!"

"அப்போ ரிசர்வ் பேங்க்லயே போய் டீ குடி."

நோட்டு கொடுத்துவிட்டு நகர்ந்தேன். அன்று சாயந்திரமே ஒரு வேலையாக ஜூஜுவாடி செக்போஸ்ட் தாண்டி அத்திபெலே போனேன். பத்து கிலோமீட்டர்கூட இல்லை. அங்கே ஒரு கடைக்காரர் அதே இரண்டு நாணயங்களையும் மறுபேச்சில்லாமல் வாங்கிக் கல்லாவில் போட்டார். ஒரே காசு; தமிழ்நாட்டில் தகரம், கர்நாடகாவில் தங்கம்!

ஓசூரே அப்படிப்பட்ட ஊர்தான். ஒரு தெருவில் நடந்தால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும். எழுபதுகளில் சிப்காட் வந்தது. பின்னாலேயே லாரி, மொபெட், கைக்கடிகாரம் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள் வந்தன. அவற்றின் பின்னாலேயே எங்களைப் போன்ற பேச்சிலர்களும் வந்தோம். பாகலூர் ரோடு பக்கம் ஒரு ரூம், நாலு பேர். யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. கும்பகோணம், திருநெல்வேலி, தர்மபுரி... நான் மட்டும் 'அக்கவுண்ட்ஸ்'.

கும்பகோணத்துக்கு வேலை எலெக்ட்ரானிக் சிட்டியில். அங்கே யாரோ கற்றுக்கொடுத்த விளையாட்டு ஒன்றை ஒரு சனிக்கிழமை ராத்திரி ரூமுக்குக் கொண்டுவந்தான். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு பேர் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வகையறா. ஒருத்தர் கதை சொல்லுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம். ஒருத்தன் வீரன், ஒருத்தன் திருடன். வாளை ஓங்கினால் பட்டதா இல்லையா என்று இருபது முகம் உள்ள பகடை சொல்லும். நம்ம ஊர்த் தெருக்கூத்தைப் பாயில் உட்கார்ந்து ஆடுவது மாதிரி. மேக்கப் செலவு மிச்சம்.

"டிராகன் எல்லாம் நமக்கு வேணாம்ப்பா. கொசுவே போதும்" என்றான் திருநெல்வேலி. எனவே கதையை உள்ளூருக்கு மாற்றினோம். இந்தப் பக்கத்துக்குப் பழைய பெயர் பாராமகால். பன்னிரண்டு கோட்டைகள் உள்ள சீமை என்பார்கள். ஒரு கதைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

ஆரம்பத்தில் பொற்காசுக் கணக்கெல்லாம் என் நோட்டில்தான். அதனால் ஆளாளுக்கு மகாராஜா ஆகிவிட்டார்கள். கோட்டை வாசலில் காவல்காரனுக்கு லஞ்சம் எவ்வளவு என்றால், திருநெல்வேலி கொட்டாவி விட்டபடி, "முந்நூறு பொன் எழுதிக்கப்பா" என்பான். மாசக் கடைசியில் என்னிடம் ஐம்பது ரூபாய் கைமாற்று வாங்குகிற ஆசாமி!

மாற்றம் தர்மபுரியால் வந்தது. ஊருக்குப் போய்த் திரும்பியவன், ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையப் பாட்டி சேர்த்து வைத்திருந்த காசைக் கொண்டுவந்தான். ஓரம் வளைந்து வளைந்து போகும் பத்து பைசா, ஆறு மூலை இருபது பைசா, காண்டாமிருகம் போட்ட நாலணா. நாலணாவும் அதற்குக் கீழே உள்ளதும் 2011 ஜூன் 30-ந் தேதியோடு செல்லாமல் போயின. பாட்டிக்கு அந்தச் சேதி யாரும் சொல்லவில்லை.

பத்து பைசா, செம்புக் காசு ஆனது. நாலணா, பணம் ஆனது. வராகனுக்கு? ரூமில் யாரும் வாங்காத பத்து ரூபாய் நாணயங்கள் மூலைக்கு மூலை கிடந்தன. மளிகைக்கடையில் மீதிக்குத் தள்ளிவிடுவார்கள். மறுநாள் நாம் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். நடுவில் வெள்ளை, சுற்றிலும் மஞ்சள். வராகனுக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

இதில் நாங்கள்தான் முன்னோடி என்று பெருமைப்படவும் முடியாது. 2022-ல் பக்கத்து அரூரைச் சேர்ந்த ஒரு இளைஞர், ஆறு லட்ச ரூபாய்க்குப் பத்து ரூபாய் நாணயங்களாகவே சேர்த்து, சேலத்தில் கார் வாங்கினார். பேப்பரில் வந்தது. காரணம் கேட்டதற்கு, அம்மாவின் கடையில் சேர்ந்த காசை யாரும் திருப்பி வாங்கவில்லை, தெருப் பிள்ளைகள் அதைச் செல்லாக்காசு மாதிரி வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள் என்றார். பிள்ளைகளை அடுத்து நாங்கள்! சட்டப்படி ஒரு ரூபாய் முதலான நாணயங்களை ஆயிரம் ரூபாய் வரைக்கும்தான் மறுக்கக் கூடாது. அதற்கு மேல் வாங்கியது கடைக்காரரின் பெரிய மனசு.

அசல் மதராஸ் கணக்கில் எண்பது காசு ஒரு பணம், நாற்பத்திரண்டு பணம் ஒரு வராகன். அக்கவுண்ட்ஸ்காரனான எனக்கே தலை சுற்றியது. பத்துக்குப் பத்து என்று சுலபமாக வைத்துக்கொண்டோம். அமெரிக்க ஆட்டத்திலும் அப்படித்தான். அதில் ஐம்பது காசு ஒரு பவுண்டு எடை என்று ஒரு விதிகூட உண்டு. நம்ம பத்து ரூபாய் சுமார் 7.7 கிராம். ஒரு பவுண்டுக்கு இன்னும் ஒன்பது காசு போடவேண்டும். வேலையத்துப் போய்க் கணக்குப் போட்டேன்.

ஆனால், நிஜக் காசு பாய்க்கு வந்ததும் ஆட்டமே மாறிவிட்டது. முந்நூறு பொன் லஞ்சம் கொடுத்த திருநெல்வேலி, ஒரு நாலணாவை விரலால் தள்ள மனசில்லாமல், "காவல்காரர்கிட்ட கொஞ்சம் பேசிப் பாரேன்" என்று கெஞ்சினான். நோட்டில் அடித்து எழுதுவது வேறு, கையை விட்டுப் போவது வேறு.

பொக்கிஷம் தர்மபுரியிடம். அவன் சிப்காட்டில் கான்ட்ராக்ட் லேபர். ராத்திரி படுக்குமுன் வராகன்களைப் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணிவிட்டுத்தான் லைட்டை அணைப்பான். ஒரு பைசா குறையாது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆட்டத்தை நிஜக் கோட்டையிலேயே ஆடினால் என்ன என்று கிருஷ்ணகிரிக்குக் கிளம்பினோம். ஐம்பது கிலோமீட்டர். வழியில் சூளகிரி மலை கூடவே கொஞ்ச தூரம் வந்தது. தர்மபுரி ஒரு பெரிய பை எடுத்து வந்தான். புளிசாதம் என்று நம்பினோம்.

சையத் பாஷா மலை. விஜயநகரக் காலத்துக் கோட்டை. படி ஏற ஏற, காலையில் சாப்பிட்ட இட்லி கணக்குக் கேட்டது. பாதியில் மூச்சு வாங்க உட்கார்ந்து கும்பகோணம் கதையை ஆரம்பித்தான். 1791-ல் திப்புவின் ஆட்கள் மேலே. கும்பெனிப் படை ராத்திரியில் வந்து கீழ்க்கோட்டையைப் பிடித்தது. மேல்கோட்டை கிடைக்கவில்லை, திரும்பிப் போனது. மறு வருஷம் ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தம். சண்டையில் கிடைக்காதது கையெழுத்தில் கிடைத்தது.

"இன்னொரு விஷயம். 1794-ல் கும்பெனி இந்தக் கிருஷ்ணகிரியிலேயே ஒரு அக்கசாலை வச்சுது. தங்கம், வெள்ளி, செம்பு மூணுலயும் காசு அடிச்சாங்கன்னு ஜில்லா சரித்திரத்துல இருக்கு" என்றேன்.

"அந்தக் காசை டீக்கடையில வாங்கினாங்களா?" என்றான் திருநெல்வேலி.

எல்லோரும் சிரித்தோம். தர்மபுரி சிரிக்கவில்லை. கீழே ஊரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளையிலேர்ந்து வேணாம்னுட்டாங்க. நேத்தே கணக்கு முடிச்சாச்சு. இப்படியே ஊருக்குப் போயிடறேன்."

அப்போதுதான் பையைப் பார்த்தோம். புளிசாதம் இல்லை. வேட்டி, சட்டை, போர்வை.

பர்ஸைத் திறந்தோம். இருபத்தி ஏழாம் தேதி பர்ஸ் எப்படி இருக்கும்? இருந்ததைச் சேர்த்து நீட்டினால், "வேணாங்கண்ணா. கடன் வாங்கினா எங்கப்பா பேசுவாரு" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

கும்பகோணம் கொஞ்ச நேரம் பகடையை உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு தொண்டையைக் கனைத்து ராஜா குரலில் பேசினான்.

"பொக்கிஷக்காரரே! உமக்கு ஆறு மாசமாச் சம்பளமே தரவில்லையாமே? கணக்கர் என்ன செய்கிறார்?"

எனக்கு ஒரு விநாடி பிடிபடவில்லை. பிடிபட்டதும் நோட்டை எடுத்து, 'சம்பள பாக்கி' என்று தலைப்பெழுதி வவுச்சர் போட்டேன். திருநெல்வேலி சாட்சிக் கையெழுத்து போட்டான். தர்மபுரி வவுச்சரை இரண்டு தடவை படித்தான். பொக்கிஷத் துணிப்பையைப் பாறை மேல் கவிழ்த்து, வழக்கம்போல் பத்துப் பத்தாக அடுக்கினான். அறுபத்தி நாலு வராகன். அறுநூற்று நாற்பது ரூபாய்.

"சரியா இருக்குங்கண்ணா" என்று கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டான். கடன் என்றால் வாங்காதவன், சம்பளம் என்றதும் வாங்கிக்கொண்டான்.

கீழே இறங்கி தர்மபுரி பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். ஜன்னல் சீட். கண்டக்டர் வந்தார். தர்மபுரி தயங்கித் தயங்கிப் பத்து ரூபாய் நாணயங்களை எண்ணி நீட்டினான். எங்கள் மூன்று பேருக்கும் வயிற்றில் பந்து உருண்டது. அந்த டீ மாஸ்டர் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது.

கண்டக்டர் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. காசைத் தோல்பையில் போட்டுக்கொண்டு, "எல்லாரும் இப்படிச் சில்லறையாக் குடுத்தா எவ்வளவு நல்லா இருக்கும்!" என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து விசில் அடித்தார்.

ஹார்லிக்ஸ் பாட்டில் இன்னும் ரூமில்தான் இருக்கிறது. தர்மபுரி வேலை தேடித் திரும்பி வரும்போது அவனிடமே ஒப்படைக்க வேண்டும். அதுவரை பொக்கிஷக்காரர் வேலை காலி. வேறு யாரையும் போடுவதாக இல்லை.