பழைய லாரியும் ஒன்றரை லட்சமும்

நாமக்கல்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சுந்தருக்கு,

அத்தை எழுதுவது. உன் கடிதமும் வண்டி போட்டோவும் வந்தன. பாடி பரவாயில்லை, அந்தப் பச்சைப் பெயிண்டைத் தவிர.

பம்ப் ஏற்றலாமா, பெரிய டர்போ போடலாமா, கிரவுன் பினியன் மாற்றலாமா என்று கேட்டிருக்கிறாய். கையில் இருப்பதோ ஒன்றரை லட்சம். உங்கள் மாமா இருந்திருந்தால் பட்டறைக்கே கூட்டிப்போய்க் காட்டியிருப்பார். நான் டீசல் பில்லையும் பட்டறை பில்லையும் எழுதி எழுதி வண்டியைத் தெரிந்துகொண்டவள். எனக்குத் தெரிந்தது அந்த வழியில்தான்.

நீ வாங்கியது 2014 மாடல் 2518. கம்பெனி வைத்த பேரிலேயே விஷயம் இருக்கிறது: 25 டன், 180 குதிரைத்திறன். கம்மின்ஸ் 5.9 லிட்டர் இன்ஜின். அந்த எடைக்கு அந்த இழுவை போதும் என்றுதான் கொடுத்தார்கள். இத்தனை வருஷம் ஓடிய பிறகு அந்த 180-ம் முழுசாகச் சக்கரத்துக்கு வருகிறதா? அதைப் பார்க்காமல் இன்னும் முப்பது குதிரை தேடுவது, ஓட்டைக் குடத்தை வைத்துக்கொண்டு பெரிய கிணறு தேடுகிற கதை.

மேடு ஏறினால் கரும்புகை தள்ளுகிறது என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அந்த ஒரு வரி போதும். போகிற டீசலுக்கு ஏற்ற காற்று உள்ளே போகவில்லை, அல்லது நாசில் டீசலைச் சரியாகத் தூவவில்லை. இந்த நிலைமையில் பம்பை ஏற்றினால் புகைதான் கூடும். ஏர் பில்டரை முதலில் மாற்று. அப்புறம் டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து இன்ஜினுக்கும் போகிற ஹோஸ்களைக் கையால் தடவிப் பார். கிளாம்ப் ஓரத்தில் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சந்தேகப்படு. இரண்டு முனையையும் அடைத்துக் கம்ப்ரஸர் காற்று விட்டு, சோப்புத் தண்ணீர் ஊற்றச் சொல். கசிகிற இடத்தில் நுரை கிளம்பும். ஹோஸும் கிளாம்பும் சில ஆயிரத்தில் முடியும். நாசில்களையும் பம்பையும் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, கம்பெனி அளவுக்கே செட் பண்ணச் சொல். "கொஞ்சம் தூக்கி வெச்சுடட்டுமாண்ணே?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அங்கேயே நில்.

இங்கே ஒருவர் தூக்கி வைத்தார். மேட்டில் பறந்தது உண்மைதான். அளவுக்கு மீறி டீசல் எரிந்தால் சூடு ஏறும். அந்தச் சூட்டை பிஸ்டனும் டர்போவும்தான் தாங்க வேண்டும். அந்த வருஷமே இன்ஜினை இறக்கினார். கூடுதல் இழுவை தாங்காமல் கிளட்ச் பிளேட்டும் போனது. அவருக்கு இழுவை தேவைப்பட்டதே ஓவர்லோடு அடிக்கத்தான், அது வேறு விஷயம். ஓவர்லோடில் பிடித்தால் இப்போது அபராதம் 20,000, அதற்கு மேல் டன்னுக்கு 2,000. எந்த வாடகையில் அதை எடுப்பாய்?

கிரவுனையும் விட்டுவிடு. வேகத்துக்காக மாற்றுகிறாய் என்றால், கவர்னர் 80-க்கு மேல் விடாது. தவிர, கம்பெனி கொடுத்த அமைப்பை உன் இஷ்டத்துக்கு மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. எஃப்.சி.க்குப் போகும்போது தலைவலி.

பெரிய பணத்தை பிரேக்குக்கும் டயருக்கும் வை. இழுவை கேட்ட பையனிடம் அத்தை பிரேக்கைப் பற்றிப் பேசுகிறாளே என்று நினைப்பாய். பிடித்துக்கொண்டே ஓடுகிற லைனர் உன் டீசலைத்தான் தின்கிறது. பிரேக் அதிகம் போடாத ரோட்டில் ஓட்டி வந்து நிறுத்தியதும், ஒவ்வொரு டிரம்முக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பார், தொட்டுவிடாதே. ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அந்தச் சக்கரம் பிடிக்கிறது. டயரில் முன்னால் இரண்டும் புது ரேடியலாகப் போடு, ரிப் டிரெட். பின்னால் எட்டும் இப்போது நைலான் என்றால் அவசரப்படாதே, தேயத் தேய மாற்றலாம்; ஆனால் ஒரே ஆக்ஸிலில் நைலானையும் ரேடியலையும் கலக்காதே. அலைன்மென்ட் பார்த்துவிடு. காற்றை வாரம் ஒருமுறை, டயர் சூடாவதற்கு முன் அளந்து பார்.

கணக்கு சொல்கிறேன். மாதம் 8,000 கிலோமீட்டர் ஓடுகிறாய், மைலேஜ் 3.5 என்று வைத்துக்கொள். அதை 3.8 ஆக்கினால் 180 லிட்டர் மிச்சம். லிட்டர் 92 ரூபாய் என்றாலும் மாதம் பதினாறாயிரத்துக்கு மேல். மல்டி ஆக்ஸில் வண்டிக்கு நேஷனல் பெர்மிட் 15 வருஷம்தான்; உனக்கு 2029 வரை. அதற்குள் திரும்பி வராத செலவு எதுவும் வேண்டாம்.

இன்னொன்று, பட்டறையில் யாரும் சொல்லமாட்டார்கள். மிச்சமாகிற டீசலில் டிரைவருக்குப் பாதி கொடு. 1,500 சுற்றை ஒட்டித்தான் அந்த இன்ஜினுக்கு நல்ல இழுவை என்பது அவருக்குத் தெரியும். லாபம் இருந்தால் அங்கேயே வைத்து ஓட்டுவார். ஆனால் தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் படி கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிடு. அதில் மிச்சமும் இல்லை: கியரில் போட்டபடி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பம்ப் டீசலை நிறுத்திவிடும், நியூட்ரலில்தான் ஐடிலுக்கு எரியும். எக்ஸாஸ்ட் பிரேக் வேலை செய்கிறதா என்று பார்த்தாயா? அதை எழுதவே இல்லையே.

டயர் வாங்கும்போது பக்கவாட்டில் நாலு இலக்க எண்ணைப் பார். 3224 என்றால் 2024-இல் 32-ஆவது வாரம் செய்தது. பழைய சரக்கைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். பில்லை எனக்கு அனுப்பு, ஹோஸ் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் எழுது. அம்மாவைக் கேட்டதாகச் சொல், கண்ணு.

அன்புடன்,
அத்தை