ஓமான் மலையில் ஒரு வரையாடு

உங்கள் வீட்டிலும் ஒருவர் மஸ்கட்டில் தொழில் பார்க்கலாம். அந்நகருக்குப் பின்னால் தெரியும் மொட்டைப் பாறைத் தொடருக்கு ஹஜர் என்று பெயர். அரபியில் ஹஜர் என்றால் கல், பொருத்தமான பெயர்தான். அரபு வரையாடு உலகிலேயே இத்தொடரில் மட்டும், ஓமானிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் வாழ்கிறது. இன்றிரவு இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்களேன்.

உருவத்தில் நம் வீட்டு ஆட்டைவிடப் பெரிதல்ல. செம்பழுப்பு நிற நீண்ட உரோமம். கிடாவுக்கும் மறிக்கும் பின்னோக்கி வளைந்த கொம்புகள். பெரும் மந்தையாகத் திரியாது. தாயும் குட்டியுமாகவோ தனியாகவோ செங்குத்துப் பாறைகளில் மேயும்.

பாலைவனப் பிராணிகள் பல தண்ணீரின்றி நெடுநாள் தாக்குப்பிடிக்கும். இதனால் முடியாது. கோடையில் சில நாட்களுக்கொரு தடவை ஊற்றுக்கு இறங்கியே ஆகவேண்டும். அங்கேதான் வந்தது வினை! பட்டியிலிருந்து தப்பி மலையேறிய வீட்டு ஆடுகள் அதே ஊற்றில் குடித்து, அதே புல்லையும் இலையையும் தீர்த்துவிடுகின்றன. வீட்டு ஆடு கண்டதையெல்லாம் தின்னும். வரையாடோ நல்லதைத் தேடித் தின்னும். போட்டியில் வெல்வது யாரென்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

இன்று எஞ்சியிருப்பவை சில ஆயிரம் மட்டுமே. 1970களில் மஸ்கட்டுக்கருகே வாதி ஸரீனில் இதற்கெனக் காப்பகம் அமைத்தபோது, அம்மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்களைக் காவலராக்கினார்கள். எந்த ஊற்றில் எப்போது நீர் வற்றும் என்பது அவர்களுக்குத்தானே தெரியும்!