வேப்பம்பலகையில் ஒரு போர்வைப் பெட்டி

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டத்தில் கொட்டிய மழையைத் தோழர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். எங்கள் காலனி ஏரிக்குக் கீழே இருக்கிறது. (காலனியை மேட்டில் வைத்த ஊரை இதுவரை நாங்கள் பார்த்ததில்லை. அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.) இடுப்பளவுத் தண்ணீர் வடிந்த பிறகு சென்னையிலிருந்து மாணவர் தோழர்கள் போர்வைகள் கொண்டுவந்தார்கள். வீடுகளுக்குக் கொடுத்தது போக 26 மிஞ்சியது. அவற்றை இரவுப் பாடசாலைக்கு என்று எடுத்து வைத்தோம். பத்தாவதும் பன்னிரண்டாவதும் படிக்கிற பிள்ளைகள் மார்கழி, தை மாதங்களில் அங்கேயே படித்து அங்கேயே படுப்பார்கள். சிமெண்ட் தரை. போர்வை இல்லாமல் முடியாது.

தையிலேயே எலி வந்துவிட்டது. சாக்கில் கட்டி வைத்திருந்ததில் ஐந்து போர்வை நாசம். ஒரு டிரங்குப் பெட்டி வாங்கியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் அதே புயலில் சித்தப்பா வீட்டுக்குப் பின்னால் நின்ற வேப்பமரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. விறகுக்குப் போட மனசு வரவில்லை. வேப்பம்பலகையின் கசப்புக்குப் பூச்சி அண்டாது என்று துணி வைக்கும் பெட்டிக்கு அந்தக் காலத்திலேயே அதை எடுப்பார்கள். ரம்ப மில்லில் கொடுத்து முக்கால் அங்குலப் பலகையாக அறுத்துக்கொண்டு வந்தோம்.

ஊர்த்தெருவில் ஓர் ஆசாரி. நல்ல மனிதர், பேச்சில் குறை சொல்ல முடியாது. "பலகைய இறக்கிட்டுப் போங்க, செஞ்சு வெக்கிறேன்" என்றார். நாங்கள் நான்கு பேரும் கூட இருந்து கற்றுக்கொள்கிறோம், கூலியை முழுசாகத் தருகிறோம் என்று கேட்டோம். சிரித்தார். "அது எங்க ரத்தத்துல ஓடுறது தம்பி. உங்களுக்கு வராது."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. தண்ணீர் பள்ளத்துக்குத்தான் பாயும் என்பதைப் போலச் சொன்னார். பலகையைத் திருப்பி ஏற்றிக்கொண்டு வந்தோம்.

அன்று இரவு சித்தப்பாதான் பேசினார். டவுனில் ஒரு மரச்சாமான் கடையில் 22 வருடம் வேலை பார்த்தவர். மரம் இறக்குவது, தூக்கிப் பிடிப்பது, உப்புத்தாள் போடுவது, பாலிஷ் அடிப்பது, செய்து முடித்த கட்டிலைத் தலையில் சுமந்து மூன்றாவது மாடிக்கு ஏற்றுவது. 22 வருடத்தில் ஒரு நாள்கூட அவர் கையில் உளி கொடுக்கவில்லை. ஒருமுறை மதியச் சாப்பாட்டு நேரத்தில் இழைப்புளியை எடுத்துச் சும்மா இரண்டு இழுப்பு இழுத்தாராம். யாரும் திட்டவில்லை. மறுநாளிலிருந்து சாப்பிடப் போகும்போது கருவிகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனார்கள். ஆயுத பூஜை அன்று உளிக்கும் ரம்பத்துக்கும் சந்தனம், குங்குமம் எல்லாம் உண்டு. இவர் வாசலில் நின்று பொரி வாங்கிக்கொண்டு வருவார். "பொரி நல்லா நெறையத்தான் குடுப்பானுங்க" என்று சொல்லிவிட்டுப் பீடியைப் பற்றவைத்தார்.

பாபாசாகேப் 1936இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதி, அங்கே பேச முடியாமல் போய், தானே அச்சிட்டு வெளியிட்ட உரை 'சாதி ஒழிப்பு'. சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்காமல் வேலை செய்கிறவர்களையே பிரித்து மேலும் கீழுமாக அடுக்குகிறது என்பது அதில் அவர் வைக்கும் வாதம். படிப்பு வட்டத்தில் எத்தனையோ முறை அதைப் பேசியிருக்கிறோம். ஒரே கடை, ஒரே மரம், ஒரே கட்டில். ஒருவர் கைக்கு உளி, இன்னொருவர் கைக்கு உப்புத்தாள். அது இவ்வளவு பக்கத்தில், சித்தப்பாவின் வாயிலிருந்து வரும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

பலகையைத் தாழ்வாரத்தில் அடுக்கி, இடையிடையே குச்சி வைத்துக் காற்றாட விட்டோம். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் காய வேண்டும் என்பது கணக்கு. பத்து மாதம் விட்டோம். அதற்குள் மூன்று உளி, ஒரு சின்னப் பல் ரம்பம், பழைய இரும்புக் கடையில் ஒரு இழைப்புளி என்று சேர்ந்தது. சிமெண்ட் ஷீட் போட்ட அந்தத் தாழ்வாரம்தான் பட்டறை.

மூலைகளை எப்படி இணைப்பது? ஆணி அடித்தால் வேம்பு வெடிக்கும். வழி சொன்னது எங்கள் நால்வரில் ஐடிஐயில் ஃபிட்டர் படிக்கும் தங்கை. "டவ்டெயில் போடலாம்ணா. இரும்புல அரத்தால தேச்சு ஃபிட்டிங் பண்ணிருக்கேன்" என்றாள். புறா வாலை விரித்த மாதிரி ஒரு பலகையின் நுனியை வெட்டுவது. அந்த வால்கள் உட்காரும் அளவுக்கு மற்றப் பலகையின் நுனியில் பல் விடுவது. வால் நுனியில் அகலம், அடியில் குறுகல். அதனால் ஒரு திசையில் எவ்வளவு இழுத்தாலும் கழன்று வராது. எகிப்தின் பழைய கல்லறைகளில் கிடைத்த பெட்டிகளிலேயே இந்த இணைப்பு இருக்கிறது. யாருடைய ரத்தத்தில் ஓடி அங்கே போனதோ!

செய்து பார்க்க நினைக்கும் தோழர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறோம். முதலில் வால்களை வெட்ட வேண்டும். சரிவு ஏழுக்கு ஒன்று, அதாவது ஏழு அளவு உள்ளே போனால் ஒரு அளவு விலக வேண்டும். அதிகம் சரித்தால் வாலின் முனை உடையும். குறைத்தால் பிடிப்பு இருக்காது. வெட்டிய வாலை அடுத்த பலகையின் நுனியில் வைத்து, அதன் ஓரமாகவே கத்தியால் கீறிப் பல்லைக் குறிக்க வேண்டும். பென்சில் கூடாது. பென்சில் கோட்டுக்கே அரை மில்லிமீட்டர் கனம் இருக்கிறது, அந்த அரை மில்லிமீட்டர்தான் இடைவெளியாகக் கண்ணில் குத்தும். ரம்பம் எப்போதும் கோட்டின் கழிவுப் பக்கம் ஓட வேண்டும். நடுவில் இருப்பதை உளியால் பாதி இந்தப் பக்கத்திலிருந்தும் பாதி அந்தப் பக்கத்திலிருந்தும் எடுக்க வேண்டும். ஒரே பக்கத்திலிருந்து அடித்தால் மறுபக்கம் பிய்ந்துகொண்டு போகும். நான்கு மூலைக்கும் எண் போட்டுவிடுங்கள்.

இதெல்லாம் இப்போது சொல்கிறோம். பேக்கிங் மரத்தில் பழகியபோது வெட்டிய முதல் மூலையின் சந்தில் தீப்பெட்டியே நுழையும். வேம்பில் நார் ஓட்டம் மாறி மாறிப் போகும், இழைத்தால் ஒரு சாண் வழவழப்பாக வந்து அடுத்த சாண் பெயர்ந்துவிடும். உளியைத் தீட்டக் கற்றுக்கொள்ளவே இரண்டு வாரம் போனது. பெரிய தவறு மூன்றாவது பலகையில். வைக்க வேண்டியதை வெட்டிப் போட்டுவிட்டு, வெட்ட வேண்டியதை வைத்திருந்தோம். நான்கு பேர் சுற்றி நின்றும் ஒருவருக்கும் தெரியவில்லை. இரவு பதினொரு மணி. யாரும் யாரையும் பார்க்கவில்லை. "வராது" என்று அவர் சொன்னது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்திருக்கும். மறுநாள் நுனியை அறுத்துவிட்டுப் புதிதாக வெட்டினோம். எதிர்ப் பலகையையும் குறைக்க வேண்டியதாயிற்று. நான்கு அடியாக இருந்த பெட்டி மூன்றேமுக்கால் அடி ஆனது.

சித்தப்பா முதல் ஒரு வாரம் தாழ்வாரத்துக்குள்ளேயே வரவில்லை. வெளியே திண்ணையில் உட்கார்ந்திருப்பார். இரண்டாவது மூலையைக் கொட்டாப்புளியால் தட்டி இறக்கும்போது அங்கிருந்தே கத்தினார்: "நிறுத்து, நிறுத்து. இடது பக்கம் இறங்கல." பார்த்தால் உண்மையிலேயே இடது பக்கப் பல் ஒன்று இடித்துக்கொண்டு நின்றது. எப்படித் தெரியும் என்று கேட்டோம். "சத்தம்டா. உக்காந்துட்டா கெட்டியா கேக்கும். இது பொத்தலா கேக்குது." உளி கொடுக்காமல் வைத்திருந்த 22 வருடத்தில் காதை அவர்களால் பூட்ட முடியவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு தட்டுக்கும் அவர்தான் உத்தரவு. தங்கை ரம்பம், அவர் காது. கோட்டில் ரம்பம் ஓட்டுவதில் எங்கள் மூன்று ஆண்களையும்விட அவள் கை சுத்தம் என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறோம்.

சில தோழர்கள் கேட்டார்கள், பெட்டி செய்வதா போராட்டம் என்று. நியாயமான கேள்விதான். கைத்தொழில் புனிதம் என்று பேசுகிறவர்களோடு எங்களுக்கும் ஒட்டு இல்லை. 1953இல் ராஜாஜி பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் அப்பன் தொழிலைப் பிள்ளை கற்கட்டும் என்று திட்டம் போட்டார். குலக்கல்வி என்று பெயர் வைத்து எதிர்த்தார்கள். அடுத்த வருடம் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. 70 வருடம் கழித்து, 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டத்தைக் கொண்டுவந்தது. 18 தொழில்கள், பட்டியலில் முதலில் தச்சு. விண்ணப்பிக்கிறவர் குடும்பம் பரம்பரையாக அந்தத் தொழிலைச் செய்திருக்க வேண்டும், வயது 18 ஆனால் போதும். கல்லூரியில் சேர வேண்டிய வயது அது. இந்த நிபந்தனைகளை மாற்றச் சொல்லித் தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் கடிதம் எழுதியது. இப்படியே அமல்படுத்த முடியாது என்றது. அது சரியான நிலைப்பாடு.

ஆனால் இந்த விவாதத்தில் பாதிதான் பேசப்பட்டது. ஆசாரி பிள்ளையை ஆசாரியாகவே கட்டிப்போடாதே என்பது ஒரு பாதி. மற்றப் பாதியில் சித்தப்பா நிற்கிறார். பரம்பரைத் தொழில் என்று கேட்டால் எங்கள் தாத்தாக்கள் எதைக் காட்டுவார்கள்? செத்த மாடு தூக்கியதையா, சாவுச் சேதி சொல்லப் போனதையா? விரும்பிய வேலையை விடுகிற உரிமையும் விரும்பிய வேலைக்குள் போகிற உரிமையும் சேர்ந்ததுதான் ஒரே உரிமை. தங்கை தச்சு வேலைக்குப் போகப் போவதில்லை. ரயில்வே தேர்வுக்குப் படிக்கிறாள். போக நினைத்தால் போகலாம் என்று இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெட்டிக்கு வருவோம். மரம் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும், அதுவும் அகலவாக்கில்தான். அதனால் அடிப்பலகைகளுக்குப் பசை போடவில்லை. உள்ளே சட்டம் அடித்து அதன்மேல் சும்மா அடுக்கினோம். மூடிக்குக் கீழே இரண்டு குறுக்குச் சட்டம், திருகாணி ஓட்டைகளை நீளவாக்கில் விட்டிருக்கிறோம். பசை போட்டு இறுக்குவதற்குக் கிளாம்ப் வாங்கக் காசில்லை. கிணற்றுக் கயிற்றைச் சுற்றிக் கட்டி, ஆப்பு அடித்து இறுக்கினோம். சொல்லப்போனால் அதுவே நன்றாகப் பிடித்தது.

நான்காவது மூலை மட்டும் பாக்கி இருந்தபோது தங்கை உளியை எடுத்துச் சித்தப்பாவிடம் நீட்டினாள். "இந்த மூலை நீங்க." வேண்டாம் என்றார். கை நடுங்கும் என்றார். கண்ணாடி வீட்டில் இருக்கிறது என்றார். அவள் ஓடிப்போய்க் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்தாள். அவருக்கு 58 வயது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, பலகையைக் கால் விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நாங்கள் யாரும் அப்படிப் பிடித்ததில்லை. எங்கே கற்றார் என்று கேட்கவில்லை, தெரியும். ஐந்து வாலுக்குச் சாயங்காலம் வரை ஆனது. இரண்டு இடத்தில் சந்து விழுந்தது. வேப்பஞ்சில்லைச் சீவிப் பசை தொட்டு அதில் சொருகினார். பிறகு கொட்டாப்புளியால் தட்டி, தட்டிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார்.

மார்கழிக்குப் பெட்டி பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்று அங்குலம் குறைந்ததால் 18 போர்வைதான் பிடிக்கிறது. மிச்சம் மூன்றும் இப்போதும் அலமாரி மேலே சாக்கில் இருக்கின்றன. தாழ்வாரத்தில் இன்னும் நான்கு பலகை காய்கிறது. உளியைச் சித்தப்பா தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார், கேட்டால் தீட்டிக்கொண்டிருக்கிறேன் என்கிறார்.